இருபத்தாறு சம்படம்

பகல் பதினொன்றே முக்காலுக்கு வர்த்தமானின் கடன் தீர்ந்தது. பன்னிரண்டரைக்கு மறுபடியும் முளைத்துவிட்டது. இடையில் முக்கால் மணி நேரம் அந்த மனிதன் சந்தோஷமாக இருந்தான். அதையாவது முதலில் சொல்லிவிட வேண்டும்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டு உரக்கடை ஒன்றில் அவன் கணக்கு எழுதுகிறவன். பதினெட்டு மாதமாகச் சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே பத்தாயிரத்தைக் கிரெடிட் கார்டுக்குக் கட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் வீட்டில் கொடுத்துவந்தான். இன்றைக்குக் கடைசிப் பாக்கி, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி போனிலேயே கட்டினான். திரையில் சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. பாக்கி என்று போட்டிருந்த இடத்தில் ஒரு முட்டை விழுந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு முட்டை வாங்கி அடிபட்டவன்தான் அவன். இந்த முட்டையை வாங்க அவனுக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது.

"விநாயகம், இங்க வந்து பாரேன்" என்று மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இன்னாண்ணா, ஒண்ணுமே இல்லியே?"

"ஒண்ணுமே இல்லடா. அதான் விசேஷம்."

"ஒண்ணும் இல்லாததுக்கா இப்டி பல்லக் காட்டுற? நான் இன்னிக்கு அமாவாசைக்கு மலையனூர் போவணும், முதலாளி கைல கொஞ்சம் சொல்லேன்" என்று விநாயகம் தன் கவலையைச் சொல்லிவிட்டுப் போனான்.

போகட்டும், அவனுக்கு என்ன தெரியும். வர்த்தமான் அந்த முட்டையைப் படம் பிடித்து மனைவி மதுமிதாவுக்கு அனுப்பினான். 'முடிஞ்சுது' என்று ஒரு வார்த்தையும் எழுதினான். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை. சமையல் வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, பதினெட்டு மாதமாகப் பார்க்காமல் இருந்த பைக் ஒன்றின் விலையைப் போனில் பார்த்தான். கருநீலம். முன்பணம் பத்தாயிரம் போதுமாம். ஒருமுறை பார்த்தால் போதாதா? இரண்டாம் முறையும் பார்த்தான்.

அப்போதுதான் பேங்க் செய்தி வந்தது. பஜாரில் இருக்கும் ஒரு பாத்திரக்கடையில் உங்கள் கார்டில் நாலாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய் செலவானது என்று சொன்னது. கட்டியதைவிட அதிகம்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே வெண்ணெயை உருட்டிக் கையில் எடுத்த பிறகல்லவா தாழி உடைந்தது.

கார்டு வீட்டுப் பூஜை அலமாரியில், தீர்த்தங்கரர் பார்சுவநாதர் படத்துக்குப் பின்னால் இருந்தது. வைத்தவன் வர்த்தமான்தான். பையில் இருந்தால் கை அரிக்கும் என்று பகவானிடம் ஒப்படைத்திருந்தான். ஐயாயிரத்துக்குள் என்றால் ரகசிய எண்கூடக் கேட்காது, மெஷின்மேல் காட்டினாலே போதும் என்பது அவனுக்குத் தெரியும். பகவான் காவல் இருப்பார் என்று ஒரு நம்பிக்கை. அவரோ முற்றும் துறந்தவர். கார்டை யார் எடுத்தால் அவருக்கு என்ன வந்தது?

இந்தக் கடன் வந்த வழியைச் சொன்னால் வெட்கக்கேடு. ஒரு பெரிய டிவி, மச்சானுக்கு ஒரு பிரிட்ஜ், இரண்டு தீபாவளிச் சலுகை, ஒரு பைக். மாதாமாதம் பேங்க் அனுப்பும் தாளில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருக்கும். ஊர்க் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாக எழுதுகிற இந்த மகானுபாவன், அதைக் கட்டினால் போதும் என்று இரண்டு வருஷம் அதை மட்டுமே கட்டிவந்தான். வட்டி, வட்டிக்கு வட்டி என்று ஏறி ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்தில் வந்து நின்றபோதுதான் கண் திறந்தது.

கண் திறந்தவன் பேசாமல் கட்டியிருக்கலாம். அங்கேதான் ஒரு தப்புச் செய்தான். சென்ற வருஷ அட்சய திருதியை அன்று, ஊரே நகைக்கடையில் வரிசை கட்டி நிற்க, நயினார் என்று கூப்பிடப்படும் சமண வீட்டு ஜனங்கள் மட்டும் தங்கள் கோயிலான ஜினாலயத்தில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். பூஜை செய்யும் உபாத்தியாயர், யார் யார் என்னென்ன நியமம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு மாதம் காபியை விட்டார். ஒரு அம்மாள் வெள்ளிக்கிழமை உப்பை விட்டாள். வர்த்தமான் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "கார்டு கடன் தீர்ற வரைக்கும், சாப்பாடு, மருந்து, பொண்ணு படிப்பு இது மூணு தவிர எங்க வீட்டுக்கு ஒரு பொருளும் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அவனுக்குக் கடன் இருக்கும் விஷயம் அந்த நிமிஷம்தான் ஊருக்கே தெரிந்தது. கடவுள் முன்னால் சொன்னதை மீறினாலும் மீறலாம். நூற்றிருபது சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னதை மீற முடியுமா?

மீறவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாளே பைக்கை நாற்பத்தெட்டாயிரத்துக்கு விற்றுக் கடனில் போட்டான். கிருஷ்ணாபுரத்திலிருந்து கடைக்குத் தினமும் நடந்தான். கார்டு வரம்பை மூன்று லட்சமாக உயர்த்துகிறோம் என்று பேங்கிலிருந்து ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில் வாரம் ஒருமுறை பேசினாள். அவளிடம் வேண்டாம் என்றான். கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் வந்துவிட்டது, இனி மனை விலை மலையேறிவிடும், வெறும் ஐயாயிரம் கொடுத்து இடத்தைப் பிடித்துப் போடு என்று மனைத்தரகர் இராமச்சந்திரன் கடை வாசலிலேயே தவம் கிடந்தார். அவரிடமும் வேண்டாம் என்றான். இரண்டு தீபாவளிக்குப் பழைய சட்டை. செருப்பு மூன்று முறை தைத்தது. 'நான் இருக்கிற நோன்பு எனக்குத்தான் தெரியும்' என்று அடிக்கடி சொல்லிக்கொள்வான். நான், எனக்கு, என் நோன்பு. அந்த வாக்கியத்தில் வேறு ஆளுக்கு இடம் இல்லை.

எல்லாம் முடியப் போகிற நேரத்தில் அத்தை அனந்தமதி வந்து சேர்ந்தாள். எடுத்த நோன்பு முடிந்தால் உத்யாபனம் என்று நிறைவு விழா நடத்தி, அபிஷேகம் செய்து, நாலு பேருக்குச் சோறு போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். உத்யாபனம் இல்லாத நோன்பு பாதி நோன்பு என்பது அத்தையின் கட்சி. நாலு பேர் என்பது அவள் வாயில் நூற்றிருபது இலை ஆகிவிட்டது. கடன் தீர்ந்ததைக் கொண்டாட எண்பதாயிரம் செலவு! "கார்டுதான் இப்ப காலியா இருக்குதே, அதுல போட்டுக்கலாம்டா" என்று அவள் சொன்னபோது வர்த்தமானுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாமா, அத்தையை அடிக்கலாமா என்று வந்தது. மூன்று முறை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். மதுமிதா அப்போது வாயே திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மௌனத்தின் அர்த்தம் இதுதானா? வர்த்தமானுக்கு ரத்தம் கொதித்தது. மதுமிதாவுக்கு ஐந்து முறை போன் போட்டான். எடுக்கவில்லை. அத்தைக்குப் போட்டான்.

"அத்த, அவளுக்கு இன்னா சொல்லிக் குடுத்த? பாத்திரக்கடையில போயி கார்ட தேச்சிட்டு இருக்கா."

"பாத்திரமா? நான் சாப்பாடுதான்டா சொன்னேன். பாத்திரம் பத்தி நான் பேசவே இல்ல. இன்னா பாத்திரம்? எத்தினி?" அத்தையின் குரலில் ஆவல் பொங்கியது.

போனை வைத்துவிட்டு முதலாளியிடம் அரை மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடினான். அமாவாசை நாள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் பஸ் ஸ்டாண்டு வாசலிலிருந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மஞ்சள் புடவையும் எலுமிச்சம்பழ மாலையுமாக ஜனம் அலைமோதியது. பைக் இருந்தால் சந்து வழியாகப் புகுந்து போயிருக்கலாம். பைக்தான் கடனுக்குப் போய்விட்டதே. கூட்டத்தில் யாரோ மிதித்து, மூன்று முறை தைத்த செருப்பு நாலாம் முறையாக அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் செருப்போடு பாத்திரக்கடைக்குள் நுழைந்தான்.

கடைக்காரர் தனசேகரன் தலை நிமிர்ந்து பார்த்து, "வாங்க நயினார். அம்மா இப்பதான் போனாங்க. வேலை நடந்துனு இருக்குது. சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்றார்.

"இன்னா வேலை?"

"பேர் வெட்டுற வேலைதான்."

உள்ளே முக்காலியில் உட்கார்ந்து முருகையன் என்ற பெரியவர் கையடக்க மெஷினை வைத்துக்கொண்டு எவர்சில்வர் சம்படங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. அவர் தலைக்கு மேல் சுவரில், 'பெயர் வெட்டிய பாத்திரம் திருப்பி எடுக்கப்பட மாட்டாது' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது.

"நிறுத்துங்க! எத்தினி முடிஞ்சுது?"

"மொத்தம் இருவத்தாறு. பதினொண்ணு முடிச்சிட்டேன்."

"மீதி பதினஞ்ச வெட்டாதீங்க. தனசேகரன், அத திருப்பி எடுத்துக்கறீங்களா?"

"வெட்டாதத எடுத்துக்கறேன். ஒண்ணு நூத்தி எம்பதுன்னா பதினஞ்சுக்கு ரெண்டாயிரத்தி எழுநூறு. கார்டுல திரும்ப ஏற நாலஞ்சு நாள் ஆவும்."

ஆகட்டும். பாதிக்குமேல் தப்பித்தது. மூச்சு வாங்க, வெட்டி முடித்த சம்படம் ஒன்றை எடுத்துப் பார்த்தான். பதினெட்டு மாதம் நோன்பு இருந்தவனுக்கு, தன் பெயர் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கும் ஒரு சின்ன ஆசை கோபத்துக்கு அடியிலும் இருந்தது. மூடியில் வளைவாக, 'வ. மதுமிதா நோன்பு நிறைவு' என்று இருந்தது.

"பேரத் தப்பா வெட்டிட்டீங்களே பெரியவரே!"

முருகையன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். துணி அளவு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாள், மதுமிதாவின் கையெழுத்து. ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. அதில் வர்த்தமான் என்ற பெயர், அவளுடைய முதலெழுத்தாக மட்டும்தான் இருந்தது.

போன் அடித்தது. அவள்தான்.

"எங்க இருக்குறீங்க?"

"எங்க இருப்பேன்? நீ தேச்ச கடையிலதான் நிக்கறேன். செருப்பு அறுந்து நிக்கறேன். இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்க மது? பதினெட்டு மாசம் நாக்க இழுத்துக் கட்டினு கடன அடைச்சேன். முக்கா மணி நேரம் உன்னால பொறுக்க முடியல?"

"பொறுத்துனுதான் இருந்தேன். காலைல பத்து மணிலேருந்து அந்தக் கடையில உக்காந்துனு இருந்தேன். நீங்க முடிஞ்சுதுன்னு படம் அனுப்பினப்பறம்தான் சம்படத்தையே எண்ணி எடுத்து வெக்கச் சொன்னேன். நியமம் முடியாம ஒரு பைசா தொடல."

அவள் சத்தம் போடவில்லை. அதுவே அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அத்தையோட நூத்தி இருவது எலைக்கா இது?"

"அந்தச் சாப்பாடு எனக்கும் வேணாம். இது இருவத்தாறு வீட்டுக்கு."

"எந்த இருவத்தாறு வீடு?"

"போன வருசம் ஆடில நம்ம மிக்ஸி புகைஞ்சு போச்சே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. அதுக்கு?"

"அன்னிலேருந்து தெனம் காலைல நீங்க தின்ற சட்னிய நான் எங்க அரைச்சேன்?"

வர்த்தமான் யோசித்தான். சட்னி தட்டில் இருந்தது, தின்றான். எங்கே அரைபட்டது என்று இதுவரை அவனுக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

"எதிர் வீட்டு ராஜம்மாள் மிக்ஸில. பதினஞ்சு மாசமா. ஆறரை மணிக்குக் கிண்ணத்த எடுத்துனு போயி அவங்க வீட்டு வாசல்ல நிப்பேன். அவங்க மருமவ ஒரு நாளும் வேணாம்னு சொல்லல. ஆனா கதவத் தெறக்கறப்ப மூஞ்சி ஒரு மாதிரி ஆவும். எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல என் கழுத்துல கெடந்தது யார் செயின்னு நெனச்சீங்க? வசந்தா டீச்சருது. நம்ம ஜினிஷா ஸ்போர்ட்ஸ் டேக்குப் போட்ட ஷூ தர்மதாஸ் அண்ணன் பொண்ணுது, ஒரு சைசு பெருசு, முன்னால துணி அடைச்சி வுட்டேன். குக்கர், கொடை, இஸ்திரிப் பொட்டி, ஊசி ஒடஞ்சா தையல் மெஷினு."

"அதுக்காக..."

"நான் சொல்லி முடிச்சிடறேன். வாங்க மாட்டேன்னு நீங்க நெஞ்ச நிமித்தினு சொல்லிட்டீங்க. வாங்காத வீட்லேருந்து கேக்கறதுக்கு ஒருத்தி போவணும் இல்ல? நான்தான போனேன். உங்க கடன் போன்ல தெரியுது. மாசாமாசம் கொறையறது தெரியுது. எங் கடன் எதுல தெரியும்? அது ஏறிக்கினே போச்சு. கேட்டு வாங்கின பாத்திரத்த வெறுசா திருப்பிக் குடுக்கக்கூடாதும்பாங்க. ஒன்றரை வருசமா நான் வெறும் பாத்திரத்தத்தான் திருப்பிக் குடுத்தேன். உங்களுக்கு ஊரே நல்ல பேரு குடுக்குது, வர்த்தமான் என்னமா நோன்பு இருக்கான் பாருன்னு. நான் இருந்தத எவராச்சும் சொன்னாங்களா? நீங்க சொன்னீங்களா?"

வர்த்தமானுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மறுபடியும் அதே கார்டா? நாலாயிரத்து அறுநூற்று எண்பது என்பது நாலாயிரத்து அறுநூற்று எண்பதுதானே?

"எல்லாம் சரி மது. அதுக்குக் கார்ட ஏன் தொடணும்? எங்கிட்ட கேட்டிருந்தா அடுத்த மாசம் சம்பளத்துல வாங்கியிருக்கலாம் இல்ல?"

"வாங்க வுட்ருப்பீங்களா?"

கருநீல பைக் வர்த்தமானின் கண்ணுக்குள் வந்து நின்றது. முன்பணம் பத்தாயிரம், அடுத்த மாதச் சம்பளம். அதை அவன் பன்னிரண்டு மணிக்கே மனசில் செலவழித்துவிட்டிருந்தான். இருபத்தாறு வீட்டுக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை.

"தெரியும்" என்றாள் மதுமிதா. "கோவம்னா வந்து திட்டுங்க. ஜினிஷா ஸ்கூல் வுட்டு வர்றதுக்குள்ள திட்டி முடிச்சிடுங்க." போனை வைத்துவிட்டாள்.

கோபம் எங்கே போயிற்று? போகவில்லை. அப்படியே இருந்தது. யார் மேல் காட்டுவது என்பதுதான் தெரியாமல் போயிற்று. பேங்க்காரி மேல் காட்டலாம், அத்தை மேல் காட்டலாம், அறுந்த செருப்பின் மேல்கூடக் காட்டலாம். இத்தனை நாள் தான் ஒருவனே பட்டினி கிடந்ததாக நினைத்துக்கொண்டு, தன் தட்டில் விழுந்த சட்னியை ஒரு வார்த்தை கேட்காமல் தின்றவன் மேல் காட்ட வேண்டும் என்றால், அவன் இங்கே பாத்திரக்கடையில் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா நயினார்?" என்றார் தனசேகரன். "பதினஞ்ச திருப்பிப் போட்டுடட்டுமா? ரெண்டாயிரத்தி எழுநூறு."

வர்த்தமான் மனசுக்குள் கணக்குப் போட்டான். அவன் போடாமல் இருக்க மாட்டான். அடுத்த மாதமும் நடக்க வேண்டும். பழைய சட்டை, தைத்த செருப்பு. பத்தொன்பதாவது மாதம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று வாய்விட்டே சொன்னான். தனசேகரன் எதற்கு என்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

"போட வேணாம்" என்றான் வர்த்தமான். "வெட்டுங்க. எல்லாத்தயும் வெட்டி முடிங்க."

முருகையன் உடனே பன்னிரண்டாவது சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டார். மெஷின் மறுபடி ரீங்காரம் போட்டது. வர்த்தமான் அங்கேயே ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து அத்தைக்குப் போன் போட்டான். "அத்த, நூத்தி இருவது எல கெடையாது. எண்பதாயிரமும் கெடையாது. ஜினாலயத்துல ஒரு சொம்புப் பால் அபிஷேகம், அவ்ளோதான். எங் கடன் இன்னும் தீரல." அத்தை கத்தத் தொடங்கினாள். அவளைக் கத்தவிட்டு, போனைத் துண்டித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மெஷின் நின்றது. முருகையன் சம்படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"சார், பேருக்கு மேல எடம் நெறைய இருக்குது. உங்க பேரையும் சேத்துப் போட்டுடட்டுமா? ஜோடியா இருந்தா நல்லாருக்கும். அதுக்குத் தனியா காசு வேணாம்."

பதினெட்டு மாதத்தில் வர்த்தமான் இலவசமாக வந்த எதையும் விட்டதில்லை. உரக் கம்பெனிக் காலண்டரைக்கூட இரண்டாக வாங்கி ஒன்றை உறவுக்குக் கொடுத்தவன்.

"வேணாம் பெரியவரே" என்றான். "நான் கோயில்ல எழுந்து நின்னு சொன்னதோட சரி. நோன்பு இருந்தது அவதான்."

முருகையன் சரி என்று பதிமூன்றாவதை எடுத்தார். அரை மணி அனுமதி எப்போதோ முடிந்துபோயிருந்தது. முதலாளி திட்டுவார். வர்த்தமான் கடைசிச் சம்படம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்து, இருபத்தாறையும் ஒரு சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு, மறுகாலின் செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தான்.